எக்ஸ்எம்எல் வேலிடேட் ஆகவில்லையா? அறிகுறியைப் பிடித்துப் பின்னால் போங்கள்

ஒரு சின்னப் பதிப்பகத்தின் நூல் பட்டியலை எக்ஸ்எம்எல்லாக, அதாவது தரவை டேக்குகளுக்குள் வைத்து எழுதும் வடிவில், செய்து கொடுக்கும் வேலை கொஞ்ச காலமாக என் தலையில் இருக்கிறது. பட்டியலை வாங்கிக்கொள்ளும் இடத்தில் ஒரு ஸ்கீமா, அதாவது கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்ற விதித் தொகுப்பு, கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பொருந்தாத கோப்பு போனால் "இன்வேலிட்" என்ற ஒரே சொல்லோடு திரும்பி வரும், ஏன் என்று கேட்டால் பதில் வராது. அப்படித் திரும்பி வந்தவற்றோடு மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வேலிடேட்டர் (கோப்பை ஸ்கீமாவோடு ஒப்பிடும் கருவி) காட்டும் வரி எண், அது தடுக்கி விழுந்த இடம். கல்லை யார் எங்கே போட்டார்கள் என்பதை நாம்தான் தேட வேண்டும், பெரும்பாலும் அது சில வரிகள் மேலேயோ கோப்பின் முதல் வரியிலேயோ கிடக்கும்.

உதாரணத்துக்கு இதை வைத்துக்கொள்வோம்.

<நூல்கள்>
  <நூல் எண்="நூ101">
    <தலைப்பு>ஏரிக்கரை</தலைப்பு>
    <ஆசிரியர்>மா. வேலன்</ஆசிரியர்>
    <ஆண்டு>2019</ஆண்டு>
    <விலை>250</விலை>
  </நூல்>
</நூல்கள்>

கோண அடைப்புக்குள் இருப்பது டேக், திறக்கும் டேக்கிலிருந்து மூடும் டேக் வரை சேர்த்து எலிமெண்ட், டேக்குக்குள்ளேயே மதிப்போடு வரும் எண் போன்றது அட்ரிபியூட். டேக் பெயரைத் தமிழில் வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். தாராளமாக வைக்கலாம், 1998-ல் எக்ஸ்எம்எல் 1.0 வந்த நாளிலிருந்தே அதற்கு அனுமதி உண்டு.

ஸ்கீமா மொழிகள் நான்கைத் தெரிந்துகொண்டால் போதும். டிடிடி, எக்ஸ்எம்எல்லுக்கு முன்னோடியான எஸ்ஜிஎம்எல் காலத்துச் சொத்து: எதற்குள் எது, எந்த வரிசையில், எத்தனை முறை என்பதோடு அதன் வேலை முடிந்தது. விலை எண்ணாக இருக்கிறதா என்பதெல்லாம் அதன் கவலை இல்லை, நேம்ஸ்பேஸ் (டேக் பெயர் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொல்லும் அடையாளம்) என்பதே அதற்குத் தெரியாது. எக்ஸ்எஸ்டி, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2001 மே மாதம் வெளியிட்டது. தேதி, எண், நீளம் என்று தரவு வகைகள் எல்லாம் வைத்திருக்கும் பெரிய மாளிகை. நிறுவனங்கள் கொடுக்கும் ஸ்கீமா பெரும்பாலும் இதுதான். ரிலாக்ஸ் என்ஜி, ஜேம்ஸ் கிளார்க் செய்த ட்ரெக்ஸும் முராட்டா மகோட்டோ செய்த ரிலாக்ஸும் 2001-ல் ஒன்றானதால் பிறந்தது. தொழில்நுட்ப நூல்களுக்கான டாக்புக் 5 இதில்தான் எழுதப்பட்டிருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். நான்காவது ஸ்கீமட்ரான், ரிக் ஜெலிஃப் 1999-ல் தைவானில் இருந்தபோது உருவாக்கியது. மற்ற மூன்றும் இலக்கணம் எழுதும், இது எக்ஸ்பாத்தில் (கோப்புக்குள் ஓர் இடத்தைச் சுட்டும் மொழி) "இப்படி இருந்தால் அப்படி இருக்க வேண்டும்" என்று விதி எழுதும். மின்னூல் செய்பவர்கள் கோப்பைச் சரிபார்க்க ஓட்டும் ஈபப்செக்குக்குள்ளே இருப்பது இந்தக் கடைசி இரண்டும்தான்.

சரி, அறிகுறிகளுக்கு வருவோம்.

முதல் வரியிலேயே விழுகிறது

"புரோலாகில் இதற்கு அனுமதி இல்லை" (புரோலாக் என்பது வேர் டேக்குக்கு முந்தைய பகுதி) என்றோ, "தவறான பைட்" என்றோ வந்தால் ஸ்கீமாவைத் தொடவே தொடாதீர்கள். கோப்பு இன்னும் வெல்-ஃபார்ம்டே ஆகவில்லை, அதாவது எக்ஸ்எம்எல்லின் அடிப்படை விதிகளுக்கே பொருந்தவில்லை, ஸ்கீமா வரைக்கும் பேச்சே போகவில்லை. பதிப்பையும் குறியாக்கத்தையும் சொல்லும் எக்ஸ்எம்எல் டிக்ளரேஷனுக்கு மேலே ஒரு வெற்று வரி இருந்தாலே போதும், அது டிக்ளரேஷன் என்ற தகுதியை இழந்துவிடும். பழைய நோட்பேட் போன்றவை கோப்பின் தலையில் ஒட்டும் பாம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி இன்னொரு சந்தேக நபர். கோப்பாகக் கொடுத்தால் பார்சர் (எக்ஸ்எம்எல்லைப் படித்துப் பிரிக்கும் நிரல்) அதைத் தானே விழுங்கிவிடும், ஆனால் நிரலில் முதலில் சரமாகப் படித்துவிட்டு அப்புறம் பார்சரிடம் கொடுப்பவர்கள் அந்தக் குறியையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள்.

தமிழ்க் கோப்புகளில் இதைவிட அதிகமாக வருவது பழைய எழுத்துருக் குறியாக்கம். டிஸ்கியிலோ 1999-ன் டேம், டேபிலோ கிடந்த பட்டியலை அப்படியே ஒட்டிவிட்டு மேலே யூடிஎஃப்-8 என்று அறிவித்தால் பைட் தவறு என்று உடனே கத்தும், அது நல்லது. கத்தாமல் போவது பாமினி. அது அஸ்கி எழுத்துகளின் மேலேயே தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு என்பதால் பார்சருக்கு அது சாதாரண ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான், சரம் என்ற வகைக்கும் அழகாகப் பொருந்திவிடும். ஆக தலைப்பு முழுக்கக் குப்பையாக இருந்தாலும் கோப்பு வேலிட்! இதைப் பிடிக்க, தலைப்பில் யூனிகோடு தமிழ்த் தொகுதி எழுத்து ஒன்றாவது இருக்க வேண்டும் என்று ஒரு பேட்டர்ன் (மதிப்பின் வடிவத்தைச் சொல்லும் விதி) எழுதுவதுதான் வழி. எக்ஸ்எஸ்டி பேட்டர்னில் தமிழ்த் தொகுதியைப் பெயர் சொல்லியே குறிப்பிடலாம்.

"இந்த எலிமெண்ட்டுக்கு டிக்ளரேஷனே இல்லை"

டிக்ளரேஷன் என்றால் இங்கே ஸ்கீமாவில் உள்ள அறிவிப்பு. ஜாவா உலகத்து வேலிடேட்டரான சர்சஸ் இந்தப் பிழையை சிவிசி-எல்ட்.1 என்று சொல்லும். வேர் டேக்கான நூல்கள் என்பதையே தெரியாது என்று சாதிக்கும், நீங்கள் ஸ்கீமாவைத் திறந்து பார்த்தால் அது அங்கே முதல் வரியிலேயே உட்கார்ந்திருக்கும். ஸ்கீமா கோப்பு ஏறவே இல்லையா என்று முதலில் பாருங்கள். ஸ்கீமா எங்கே இருக்கிறது என்று கோப்பில் சொல்லும் ஸ்கீமாலொக்கேஷனில் மதிப்புகள் இரண்டிரண்டாக வர வேண்டும், முதலில் நேம்ஸ்பேஸ், ஒரு இடைவெளி, அப்புறம் கோப்பின் இடம். இடத்தை மட்டும் எழுதிவிட்டால் ஜோடி சேராது. நேம்ஸ்பேஸே இல்லாத ஸ்கீமா என்றால் அதற்கு நோநேம்ஸ்பேஸ்ஸ்கீமாலொக்கேஷன் என்று தனி அட்ரிபியூட் இருக்கிறது.

கோப்பு ஏறியிருந்தும் இதே பிழை என்றால் நேம்ஸ்பேஸ் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அது பார்க்க இணைய முகவரி மாதிரி இருந்தாலும் யாரும் அங்கே போகப்போவதில்லை, வெறும் சர ஒப்பீடு மட்டும்தான். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் வேறு நேம்ஸ்பேஸ். எனக்கு வந்த மோசமான ஒன்று: கோப்புகளை அனுப்பும் முன் ஒருவர் "பாதுகாப்பு கருதி" எல்லா எச்டிடிபியையும் எச்டிடிபிஎஸ் என்று ஒரே அடியாக மாற்றிவிட்டார். நல்ல எண்ணம்தான், ஆனால் முந்தைய நாள் வரை ஓடிய அத்தனை கோப்பும் மறுநாள் அநாதையாகிவிட்டன.

"தலைப்பு எதிர்பார்த்தேன், ஆனால் தலைப்பு வந்திருக்கிறது"

இதைப் பார்த்து முதல் தடவை நான் சிரித்தேன், அப்புறம் அரை நாள் போனது. எதிர்பார்த்ததும் வந்ததும் ஒரே பெயராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நேம்ஸ்பேஸ் கோளாறு என்று எழுதிவிடலாம். செய்தியில் நெளிவு அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கூர்ந்து பாருங்கள், ஒரு பக்கம் நேம்ஸ்பேஸோடும் இன்னொரு பக்கம் இல்லாமலும் இருக்கும்.

காரணம் எக்ஸ்எஸ்டியின் எலிமெண்ட்ஃபார்ம்டிஃபால்ட் என்ற அட்ரிபியூட். அதை எழுதாமல் விட்டால் அதன் மதிப்பு அன்குவாலிஃபைட். அப்படியென்றால் மேல்மட்டத்தில் அறிவித்த நூல்கள் மட்டும் நேம்ஸ்பேஸில் இருக்கும், உள்ளே அறிவித்த நூலும் தலைப்பும் நேம்ஸ்பேஸே இல்லாதவை என்று ஸ்கீமா எடுத்துக்கொள்ளும். நாமோ வேர் டேக்கில் இயல்பு நேம்ஸ்பேஸை (முன்னொட்டு, அதாவது நேம்ஸ்பேஸைக் குறிக்கப் பெயருக்கு முன்னால் போடும் சிறு சொல், இல்லாத டேக்குகளுக்குப் பொருந்துவது) அறிவித்துவிட்டு எல்லாப் பிள்ளைகளும் அதற்குள் வந்துவிட்டார்கள் என்று இருப்போம், வந்தும்விட்டார்கள், ஸ்கீமாதான் அதை எதிர்பார்க்கவில்லை. ஸ்கீமா உங்கள் கையில் இருந்தால் குவாலிஃபைட் என்று ஒரு சொல் எழுதினால் முடிந்தது. யாரும் வேண்டுமென்று அன்குவாலிஃபைட் வைத்து நான் பார்த்ததில்லை, இயல்பு மதிப்பை இப்படி வைத்தது எக்ஸ்எஸ்டி செய்த பெரிய தவறு என்பதே என் கருத்து. ஸ்கீமா அடுத்தவருடையது என்றால் வேர் டேக்குக்கு மட்டும் முன்னொட்டு போட்டுவிட்டு உள்ளே இருப்பவற்றை வெறுமனே விட வேண்டும்.

இதே குடும்பத்தில் இன்னொன்று: இயல்பு நேம்ஸ்பேஸ் அட்ரிபியூட்டுக்குப் பொருந்தாது. முன்னொட்டு இல்லாத அட்ரிபியூட் எந்த நேம்ஸ்பேஸிலும் இல்லை. "எண் என்ற அட்ரிபியூட்டுக்கு இங்கே அனுமதி இல்லை" என்று வந்தால் யாராவது ஆர்வக்கோளாறில் அதற்கும் முன்னொட்டு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

பெயர் சரி, ஆனால் "இங்கே இது வரக்கூடாது"

இது வரிசைக் கோளாறு. சர்சஸில் சிவிசி-காம்ப்ளெக்ஸ்-டைப்.2.4 என்று ஆரம்பிக்கும், வால் எழுத்தைப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். ஏ என்று முடிந்தால் எதிர்பார்த்தது ஒன்று வந்தது ஒன்று. பி என்றால் உள்ளடக்கம் பாதியிலேயே முடிந்துவிட்டது, இதில் வரி எண் மூடும் டேக்கைக் காட்டும், குறைவதோ அதற்கு மேலே. டி என்றால் முடிந்த பிறகும் ஏதோ கூடுதலாக வருகிறது.

டிடிடியில் (தலைப்பு, ஆசிரியர்+, ஆண்டு?, விலை) என்று எழுதினால் காற்புள்ளி என்பது கண்டிப்பான வரிசை, + என்றால் ஒன்றோ அதற்கு மேலோ, ? என்றால் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எக்ஸ்எஸ்டியின் சீக்வென்ஸும் அப்படித்தான். விலையை ஆண்டுக்கு முன்னால் வைத்தால், வேலிடேட்டர் விலை வந்ததும் ஆண்டு இல்லாமலே போய்விட்டது போலும் என்று எடுத்துக்கொண்டு விலையை ஏற்றுக்கொள்ளும், அப்புறம் வரும் ஆண்டின் மேல் பழி போடும். விருப்பத்துக்குரிய டேக் இருக்கும் இடத்தில் பழி எப்போதும் தள்ளித்தான் விழும். வரிசை முக்கியமில்லை என்றால் எக்ஸ்எஸ்டியில் ஆல் இருக்கிறது. ஆனால் 1.0 பதிப்பில் அதற்குள் ஒவ்வொன்றும் ஒரு முறைக்கு மேல் வரக்கூடாது, இரண்டு ஆசிரியர் எழுதிய நூல் வந்த அன்று அது உடையும். ரிலாக்ஸ் என்ஜியில் இன்டர்லீவ் இதை எந்த முணுமுணுப்பும் இல்லாமல் செய்யும்.

மதிப்பு பிடிக்கவில்லை

பெரும்பாலும் நம் ஊர்ப் பழக்கம்தான் காரணம். தேதி வகைக்கு 2024-01-15 என்ற வடிவம் மட்டுமே செல்லும், 15-01-2024 செல்லாது. 1,25,000 என்று காற்புள்ளி போட்டால் அது எண் அல்ல. ஆம்-இல்லை வகைக்கு ட்ரூ, ஃபால்ஸ் இரண்டும் சிறிய எழுத்தில், அல்லது 1, 0. எக்செலிலிருந்து பெரிய எழுத்தில் வரும் ட்ரூ தோற்கும். ஆண்டு தெரியாதபோது <ஆண்டு></ஆண்டு> என்று வெறுமையாக விட்டாலும் தோற்கும், ஏனென்றால் வெற்றுச் சரம் ஆண்டு ஆகாது. மின்ஆக்கர்ஸ் (குறைந்தது எத்தனை முறை வர வேண்டும் என்பது) 0 என்று இருந்தாலும் இதற்கு உதவாது, டேக்கே இல்லாமல் விடுவதற்குத்தான் அந்த அனுமதி. டேக்கை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஸ்கீமாவில் நில்லபிள் (வெறுமையாக விட அனுமதி) இருக்கிறதா என்று பார்த்து நில் என்று குறியுங்கள்.

ஐடி வகை அட்ரிபியூட்டில் 101 என்று எழுதினால் தவறு, அது ஒரு பெயர் மாதிரி இருக்க வேண்டும், இலக்கத்தில் தொடங்கக் கூடாது. மேலே நான் நூ101 என்று எழுதியது அதனால்தான்.

தமிழ் எழுத்தால் வரும் பிழைகள்

இதைப் பற்றி எங்கும் சேர்த்து எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீளம். மேக்ஸ்லெங்த் (அதிகபட்ச நீளம்) 3 என்று வைத்து "தமிழ்" என்று கொடுத்தால் தோற்கும். நமக்கு அது மூன்றெழுத்து, யூனிகோடுக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. எக்ஸ்எஸ்டி எண்ணுவது யூனிகோடு குறிகளைத்தான். ஆங்கிலப் பட்டியலுக்காக 50 என்று வரம்பு வைத்த ஸ்கீமாவில் தமிழ்த் தலைப்பு முப்பது எழுத்து சொச்சத்திலேயே முட்டிக்கொள்வது இதனால்தான். பட்டியல் வாங்கும் இடத்தில் பேசி வரம்பைக் கூட்டச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

பேட்டர்ன். பெயரில் எழுத்துகள் மட்டும் இருக்கலாம் என்று நினைத்து யூனிகோடின் "எல்" வகையை மட்டும் அனுமதித்திருப்பார்கள். க, த, ம எல்லாம் அந்த வகைதான், ஆனால் கொம்பும் காலும் புள்ளியும் "எம்" என்ற குறி வகையைச் சேர்ந்தவை. "கமல" போகும், "கமலா" போகாது. இரண்டு வகையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

வேறு நிரல் மொழிகளின் ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத் தேடல்) பழக்கத்தில் பேட்டர்னின் முன்னும் பின்னும் கூரைக் குறியும் (^) டாலர் குறியும் ($) போடாதீர்கள். எக்ஸ்எஸ்டி பேட்டர்ன் எப்போதும் முழு மதிப்பின் மேல்தான் பொருந்தும், அந்தக் குறிகளை அது நிஜமான எழுத்தாகவே தேடும். இன்னொரு வேடிக்கை: பேக்ஸ்லாஷ் டி (\d) என்பது எந்த மொழியின் இலக்கத்துக்கும் பொருந்தும். நான்கு இலக்கம் வேண்டும் என்று பேட்டர்ன் எழுதியிருந்தால் ௨௦௧௯ என்பதும் வேலிட், அதற்குப் பின்னால் இருக்கும் நிரல் அதை எண்ணாக மாற்றும்போதுதான் கவிழும். பழைய முறையில் ௰, ௱ என்று எழுதினால் தோற்கும், அவை யூனிகோடில் இலக்கமாக வகைப்படுத்தப்படவில்லை. 0 முதல் 9 வரை என்று நேராக எழுதிவிடுங்கள், அல்லது முழு எண் வகையையே பயன்படுத்துங்கள், அது அந்தப் பத்து இலக்கங்களை மட்டுமே ஏற்கும்.

அப்புறம், இருப்பதிலேயே எரிச்சலூட்டுவது: பட்டியலில் இருக்கும் மதிப்பையே கொடுத்திருக்கிறேன், இல்லை என்கிறது. வகை என்ற அட்ரிபியூட்டில் "பௌத்தம்" என்பது அனுமதித்த மதிப்பு. தட்டச்சு செய்தவர் "பெளத்தம்" என்று எழுதியிருக்கிறார், ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு. திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க பூதக்கண்ணாடி வேண்டும். ஔகாரத்தை ஒ, ள என்று எழுதுவதும் இதே கதை. ஸ்ரீயிலும் உண்டு: ஸகரத்தில் தொடங்கினாலும் ஶகரத்தில் தொடங்கினாலும் பல எழுத்துருக்களில் ஒரே உருவம்தான் தெரியும். இவையெல்லாம் நார்மலைஸ் (ஒரே எழுத்தின் மாற்றுக் குறிகளை ஒரே வடிவாக்குவது) செய்தாலும் ஒன்றாகாது, நீங்களே தேடி மாற்ற வேண்டும். "கொ" மட்டும் கொஞ்சம் நல்ல பிள்ளை. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுத முடியும் என்றாலும் என்எஃப்சி என்ற முறையில் நார்மலைஸ் செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். வேலிடேட்டர் அதைத் தானாகச் செய்யாது என்பதால், வேலிடேட் செய்யும் முன் அந்த ஒரு படியை எப்போதும் போட்டுவிடுங்கள்.

எழுத்தெல்லாம் ஒன்றுதான் என்று உறுதியானால் இடைவெளியைப் பாருங்கள். எடிட்டர் அழகுபடுத்துகிறேன் என்று டேக்குக்குள் வரியை மடக்கியிருக்கும். அடிப்படை வகை ஸ்ட்ரிங் என்றால் அந்த இடைவெளியும் மதிப்பின் பகுதி. டோக்கன் என்று மாற்றினால் ஓரத்து இடைவெளி உதிர்ந்துவிடும்.

டேக் பெயரில் ஶ வந்தால் மட்டும் ஒரு சில பார்சர்கள் மறுக்கும். எக்ஸ்எம்எல் 1.0-ன் முதல் நான்கு பதிப்புகளின் பெயர் எழுத்துப் பட்டியல் அந்த எழுத்து யூனிகோடில் சேர்வதற்கு முன்பு உருவானது, 2008-ன் ஐந்தாம் பதிப்பில்தான் விதி தளர்ந்தது.

கோப்பை விடுங்கள், ஸ்கீமாவையே ஏற்கவில்லை

காஸ்-நான்ஆம்பிக் என்று வந்தால் ஸ்கீமா இருபொருள்படுகிறது என்று அர்த்தம். (துணைத்தலைப்பு?, துணைத்தலைப்பு) என்று எழுதினால், முதல் துணைத்தலைப்பைப் பார்த்ததும் அது எந்த இடத்துக்கானது என்று முன்னால் எட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது, எக்ஸ்எஸ்டி அதை அனுமதிக்காது. ஒன்று முதல் இரண்டு வரை என்று திருப்பி எழுதுங்கள். ரிலாக்ஸ் என்ஜிக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

அசெர்ட் என்ற சொல்லைக் கண்டு மிரண்டால் உங்கள் கருவி எக்ஸ்எஸ்டி 1.0 மட்டும் தெரிந்தது. அசெர்ட், அதாவது எக்ஸ்பாத்தில் நிபந்தனை எழுதுவது, 2012-ல் வந்த எக்ஸ்எஸ்டி 1.1-ன் வசதி. லிப்எக்ஸ்எம்எல்2, அதன் மேல் நிற்கும் எக்ஸ்எம்எல்லின்ட், பைத்தானின் எல்எக்ஸ்எம்எல், டாட்நெட்டோடு வரும் வேலிடேட்டர் எல்லாம் 1.0-வோடு நிற்பவை. "மொழிபெயர்ப்பு என்று குறித்திருந்தால் மொழிபெயர்ப்பாளர் பெயர் கட்டாயம்" போன்ற விதிக்கு 1.1-ஐத் துரத்துவதைவிட ஒரு சின்ன ஸ்கீமட்ரான் கோப்பு எழுதுவது எளிது, பிழைச் செய்தியையும் நாமே தமிழில் எழுதிக்கொள்ளலாம்.

பிழையே இல்லை, ஆனால் ரொம்ப நேரம் எடுக்கிறது

பார்சர், டிடிடியைச் சுட்டும் டாக்டைப் வரியில் இருக்கும் முகவரிக்குப் போய் டிடிடியை ஒவ்வொரு முறையும் இறக்கிக்கொண்டிருக்கிறது. உலகம் முழுக்க இப்படி நிரல்கள் போய்த் தட்டியதில் டபிள்யூ3சி தளத்துக்கு ஒரு நாளைக்கு 13 கோடி வரை கோரிக்கைகள் வந்ததாக 2008-ல் அவர்களே எழுதி நொந்துகொண்டார்கள். டிடிடியை உள்ளூரில் ஒரு நகல் வைத்து, கேட்டலாக் கோப்பில் (முகவரிக்குப் பதில் உள்ளூர் நகலைச் சொல்லும் பட்டியல்) அதைக் காட்டுங்கள். டாக்டைப்பையே அனுமதிக்க மாட்டேன் என்று பார்சர் சொன்னால் மட்டும் அவசரப்பட்டு அந்தப் பூட்டைத் திறக்காதீர்கள். வெளியாள் அனுப்பிய கோப்பில் என்டிட்டி (வேறொரு உரையையோ கோப்பையோ இழுத்துவரும் சுருக்கப் பெயர்) வழியாக உங்கள் சர்வரின் கோப்புகளைப் படிக்க முடியும் என்பதால் போட்ட பூட்டு அது.

எல்லாம் பாஸ், ஆனால் தவறான கோப்பும் பாஸ்

எனக்கு உண்மையில் பயம் இதில்தான். எக்ஸ்எம்எல்லின்ட்டை வெறுமனே ஓட்டினால் அது வெல்-ஃபார்ம்டா என்று மட்டும் பார்க்கும், டிடிடிக்கு வேலிட் ஆப்ஷனும் எக்ஸ்எஸ்டிக்கு ஸ்கீமா ஆப்ஷனும் கொடுத்தால்தான் அதற்கு மேல் போகும். ஸ்கீமாலொக்கேஷன் என்பது வெறும் பரிந்துரை, கருவி அதைக் கண்டுகொள்ளாமல் விடலாம். ஸ்கீமாவில் லாக்ஸ் (கண்டிப்பில்லாதது) என்று குறித்த எனி (எந்த எலிமெண்ட்டும் வரலாம் என்ற இடம்) இருந்தால் அங்கே தெரியாத டேக் எதுவும் கேள்வியில்லாமல் நுழையும்.

ஸ்கீமட்ரானில் இது இன்னும் நைசாக நடக்கும். விதியின் கான்டெக்ஸ்டில் (விதி எதன் மேல் ஓட வேண்டும் என்று சொல்லும் இடம்) நூல் என்று எழுதியிருப்போம், கோப்பில் நூல் ஒரு நேம்ஸ்பேஸில் இருக்கும். என்எஸ் மூலம் முன்னொட்டு அறிவித்து அதோடு எழுதவில்லை என்றால் விதி எதற்குமே பொருந்தாது, பொருந்தாததால் தோல்வியும் இல்லை, அறிக்கை பளிச்சென்று சுத்தமாக வரும். அப்படிச் சுத்தமான அறிக்கையோடு மொழிபெயர்ப்பாளர் பெயரே இல்லாத நூல்களை மூன்று மாதம் அனுப்பியிருக்கிறேன். அதைச் சரிசெய்த பிறகும் ஒரு விதி மட்டும் வேலை செய்யவில்லை. ஒரே பேட்டர்னுக்குள் (ஸ்கீமட்ரானில் இது விதிகளின் தொகுப்பு) ஒரு நோடுக்கு, அதாவது கோப்பின் ஓர் உறுப்புக்கு, முதலில் பொருந்தும் விதி மட்டும்தான் ஓடும், கீழே இருப்பதை அது எட்டிப் பார்க்காது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பேட்டர்னைப் பிரித்ததும் சரியானது.

இப்போது அதே ஃபோல்டரில் "உடைந்த நூல்கள்" என்று ஒரு கோப்பு இருக்கிறது. வரிசை மாறிய விலை, மொழிபெயர்ப்பாளர் இல்லாத மொழிபெயர்ப்பு, கொம்பு மாறிய பௌத்தம், தமிழ் இலக்கத்தில் ஆண்டு எல்லாம் வேண்டுமென்றே போட்டு வைத்தது. நல்ல கோப்புக்கு முன்னால் அதைத்தான் ஓட்டுகிறேன். அது பாஸ் ஆகிற அன்றைக்கு எதையும் அனுப்புவதில்லை.